ஒன்றாம் நம்பர் பெட்டி

பெருமாநல்லூர் ரோட்டில்
நாலாவது மாடி, பேக்கிங் செக்ஷன்.
இருநூற்று நாற்பது அட்டைப் பெட்டி,
பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர்.
எண்ணை அடி, என்டரைத் தட்டு,
பிரிண்டர் நாக்கை நீட்டும், கிழி.
அடுத்த எண்ணை அடி.
நூற்றுப் பதினேழுக்கும் நூற்றுப் பதினெட்டுக்கும் நடுவில்
ஒருமுறை தூங்கியிருக்கிறேன்,
விரல் மட்டும் விழித்திருந்தது.

மினி பஸ்ஸில், ஒற்றை இயர்போனில்
(மற்றதில் சத்தம் வராது)
ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான்:
ஒரு தடவை எழுது,
நிறுத்தச் சொன்ன இடம் வரைக்கும்
அதுவே திரும்பத் திரும்பச் செய்யும்.
அன்றைக்குப் போயம்பாளையம் தாண்டி இறங்கி
திரும்பி நடந்தேன்.

நாலே வரி.
எண் என்று பெயர் வைத்து அதற்குள் ஒன்றைப் போட்டேன்.
எண், இருநூற்று நாற்பதைவிடச் சிறிதாக இருக்கும் வரை
ஸ்டிக்கர் அடி.
எண்ணோடு ஒன்றைக் கூட்டு.

வியாழக்கிழமை ராத்திரி ஷிப்மென்ட்.
கீழே தூத்துக்குடி லாரி உறுமிக்கொண்டிருந்தது.
ஓட விட்டேன்.
ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.
மேஜையை விட்டு வழிந்து
தரையில் சுருண்டது ஒன்று.
ஒடிசாக்காரன் சுசாந்த் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான்.
அதற்குள் அறுநூற்றுச் சொச்சம் ஸ்டிக்கர்,
எல்லாமே முதல் பெட்டிக்கு.

தப்பைத் தேட அரைமணி.
கூட்டுகிற வரியை உள்ளே தள்ளி எழுதவில்லை.
சங்கு ஊதின பிறகு வந்தவளை
வாட்ச்மேன் நிறுத்தி வைத்த மாதிரி
கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது அது.
உள்ளே வேலை முடியட்டும், வருகிறேன் என்று.
அது வராமல் உள்ளே வேலை எப்படி முடியும்?

நாலு இடம் தள்ளினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாற்பதுக்குப் பக்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.
ஒட்டிக்கொண்டே வந்த பாவாத்தா அக்கா,
"அட, கையே வெக்காம ஓடுதே கண்ணு,
என்ற கைக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடேன்" என்றாள்.
முடியாதுங்க்கா என்றேன்,
கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான்.

கடைசிப் பெட்டி மொட்டையாக நின்றது.
சிறிதாக இருக்கும் வரை என்று எழுதினால்
சமமானதும் நின்றுகொள்கிறது.
சொன்னதைத்தான் கேட்டது, நினைத்ததை அல்ல.
லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடிக்க
மார்க்கரால் 240 என்று கோணலாக எழுதி அனுப்பினேன்.
கப்பல் ஏறிப் போயிருக்கிறது என் கையெழுத்து.

மாரப்பன் சார் ரோல் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்,
நூற்றெண்பது ரூபாய்.
மிஞ்சிய ஒன்றுகளை சுசாந்த் பொறுக்கி வைத்துக்கொண்டான்.
தண்ணி கேன், ஃபேன் சுவிட்ச், கக்கூஸ் கதவு,
பாவாத்தா அக்காவின் தூக்குப்போசி,
ஒருநாள் சாயங்காலம்
மாரப்பன் சாரின் சட்டை முதுகு.
ஒரு மாதம் வரைக்கும் எங்கள் மாடியில்
எல்லோரும் எல்லாமும் ஒன்றாம் நம்பர் பெட்டிதான்.

சமக்குறி ஒன்றைச் சேர்த்ததும்
எண்ணிக்கை சரியாக வந்தது.
ஒன்றரை மணிநேர வேலை பதினைந்து நிமிடத்தில்.
அவ்வளவு சீக்கிரம் முடியுமென்றால்
செக்கிங் டேபிளில் ஆள் குறைகிறது, போய் நில் என்றார்.
நின்றேன், நாலு நாள்,
டியூப் லைட்டுக்குக் கீழே
பனியனில் ஓட்டை தேடிக்கொண்டு.

ஐந்தாம் நாள் ஒரு வரி கூட்டி எழுதினேன்.
இந்த முறை மறக்காமல் உள்ளே தள்ளி.

இருபது நொடி சும்மா இரு.

இப்போது ஒரு ஸ்டிக்கர் வரும்.
டீயில் ஒரு வாய்.
எதிர் மொட்டை மாடியில் நாய் ஒன்று
சாக்கின் மேல் வட்டமடிக்கும்.
மூன்று சுற்று, சில நாள் நாலு,
எதை எண்ணுகிறதோ, திடீரென்று படுத்துவிடும்.
அடுத்த ஸ்டிக்கர் வரும்.

"ஏம்மா, மிஷின் மெதுவாப் போகுது?"

"சூடாயிருதுங் சார்."