ஏழாம் கட்டம்

ராமகிருஷ்ணபுரம், மூன்றாம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே டெல்லி இல்லை,
பனிமூட்டம்தான் இருக்கிறது.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவக்கிறது.
அதைச் சுற்றி நாங்கள் பதினோரு பேர்
தேசத்தை எண்ணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஏழாம் கட்டத்தில் மதம்.
இந்து என்றால் ஒன்று.
இரண்டிலிருந்து ஆறுவரை மற்ற பெரிய வீடுகள்.
எதிலும் நுழையாதவர்களுக்கு
பென்சிலால் எழுத
ஒரு விரல் நீளக் கோடு.

நேற்று மதியம் அந்தக் கோட்டில்
ஒரு பெயர் வந்தது: ராங்ஷூ.
கின்னௌரின் மேல்சரிவு, பதினாறு வீடுகள்,
பதினாறிலும் அதே பெயர்.
ஒருவர் மட்டும் அடித்துத் திருத்தி எழுதியிருந்தார்,
எழுத்துப் பிழை பொறுக்காமல்.

திரிவேதியிடம் கொண்டுபோனேன்.
பெயரிலேயே மூன்று வேதம் வைத்திருப்பவர்.
மேசைமேல் கிடந்த வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு
"மலைக்காரர்கள். கடைசியில் எல்லாம் சிவன்தான் மேடம்,
ஒன்று போடுங்கள்" என்றார்.

கடைசியில் சிவன்தான்.
முதலில் யார் என்று
எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

மாலை தில்லி ஹாட்டில்
ஜங்மோ நேகியின் கடை. பச்சைத் தொப்பி,
சில்கோசா, காய்ந்த வாதுமைப்பழம்.
கேட்டேன்.
"ராங்ஷூவா? எங்கள் மேட்டுக்காரர்.
எப்போது விதைப்பது என்று கேட்டால்
பல்லக்கில் சாய்ந்து காட்டுவார்.
ஒருமுறை தப்பாகச் சொல்லி பாப்பரை அழுகிவிட்டது,
அந்த வருஷம் அவருக்குக் கடா கிடையாது.
மூன்று மாதம் பேச்சுவார்த்தையும் இல்லை."

சிவன்?

அவள் தராசைச் சரிசெய்தாள்.
"அவரும் எங்கள் ஆள்தானே.
தோல் கட்டிக்கொண்டு, சடை வளர்த்து,
பனிக்குக் கீழே நெருப்பு மூட்டிக் கிடந்தவர்.
கீழே போய்ப் பெரிய மனிதராகிவிட்டார்.
இப்போது மேலே வரும்போது
பூசாரியோடு வருகிறார்.
பூசாரி எங்களிடம் கோத்திரம் கேட்கிறான்.
கால் கிலோவா, அரையா?"

மெட்ரோவில் கைக்கு ஒட்டிய பிசினோடு
நின்றபடி யோசித்தேன்.
பன்றியைத் துரத்திய மலையில்
இறைவன் வேடன் வேடம் பூண்டான் என்றுதான்
எல்லாரும் சொல்கிறார்கள்.
வேடன்
இறைவன் வேடம் பூண்ட நாள் எது?
யார் அணிவித்தது? கழற்ற
அவனுக்கு அனுமதி உண்டா?
மலைமகள் என்று அவளை அழைக்கிறோம்,
மலையில் யாருடைய மகள் என்று விசாரித்தோமா?

தினையில் குருதி தூவி
வேலன் வெறியாடிய களம்
எங்கள் பக்கத்திலும் இருந்ததுதான்.
இப்போது அந்த வேலனுக்கு இதே ராமகிருஷ்ணபுரத்தில்
கருங்கல் கோயில், ஒலிபெருக்கி, சஷ்டிக்கு வரிசை.
குருதி மட்டும் குங்குமமாகியிருக்கிறது.
என் படிவத்தில் நானும் ஒன்றுதான் போட்டேன்.
எங்கள் குலசாமி கூரையில்லாத ஒரு கல்;
சாராயமும் சுருட்டும் கேட்பது.
அதைக் கேட்டுவிட்டா போட்டேன்?

இன்று காலை
பதினாறு படிவங்களையும் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம், குறிப்பு என்ற இடத்தில்,
கணக்கெடுக்கப் போன பள்ளி ஆசிரியர்
குளிரில் நடுங்கிய எழுத்தில் எழுதியிருக்கிறார்:
"மதம் எது என்று
தெய்வத்திடம் கேட்டுத்தான் சொல்ல முடியுமாம்.
தெய்வம் ஊரில் இல்லை.
தங்கையைப் பார்க்கக் கணவாய்க்கு அப்பால் போயிருக்கிறது.
பனி உருகியதும் வரும்."

திரிவேதி இரண்டு முறை எட்டிப்பார்த்தார்.
படிவங்களை டிராயரில் வைத்து
மேலே சில்கோசா பொட்டலத்தை வைத்தேன்.
திரையில், மாவட்டத்துக்கு எதிரே
சிவப்பில் மினுங்குகிறது
நிலுவைக் கட்டுகள்: ஒன்று.