வைப்பர்

ஏழு பெட்டி என்று சொல்லித்தான் விற்றார்
பம்பலப்பிட்டி பறங்கிக் கிழவர்.
தலவாக்கலையில் லொறி இறக்கியது ஆறு.
நாலாம் நம்பரைக் காணோம்.

தோஹாவில் ஒன்பது வருசம்
பிறத்தியார் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய காசு.
லயமே கணக்குப் போட்டு வைத்திருந்தது:
கூரைக்குப் புதுத் தகரம்,
காதுக்கு, கழுத்துக்கு,
மிச்சம் வங்கிக்கு.
நான் வாங்கியது
பிரித்துப் போட்ட ஒரு கார்.

"பூட்டாத காரை யாராச்சும் வாங்குவாங்களா?"
பக்கத்துக் காம்பரா மரியசீலி கேட்டாள்.
பூட்டின காருக்குக் காசு போதாது என்று சொல்ல
வெட்கமாக இருந்தது.
"பூட்டத் தெரியும்" என்றேன்.

சகாயம் பெக்டரியில் பிட்டர்.
கொழுந்து அரைக்கிற ரோலருக்கு
இருபது வருசம் காது கொடுத்தவன்.
அவனுக்கு இங்கிலீசு ஓடாது.
எனக்கு நட்டும் போல்ட்டும் ஓடாது.
நான் புத்தகத்தை வாசிப்பேன்,
அவன் கையை நீட்டுவான்.
பதிமூன்றாம் சாவிக்குப் பன்னிரண்டைக் கொடுத்து
ஏச்சு வாங்குவேன்.
புருசனும் பெண்டாட்டியும்
அத்தனை பேச்சு பேசியது அந்த வருசம்தான்,
எல்லாம் வாசரைப் பற்றி.

இஸ்தோப்பில் கிடந்தது சட்டம்
தோலுரித்த ஆட்டைப் போல.
மேலே தறப்பாள், அதன்மேல் ஆடி மழை.
துரு பிடிக்காமலிருக்க
தேங்காயெண்ணெயைத் தலைக்குக் குறைத்து
இரும்புக்குத் தடவினேன்.

கிளாக்கர் வந்தார், போனில் படம் எடுத்தார்.
இஸ்தோப்பு தோட்டத்துச் சொத்தாம்.
"இதைப் பதிய ஏலாதே, தெரியுமா?"
"காம்பராவையும்தான் எங்க பேருக்குப் பதிய ஏலாது.
குடியிருக்கோமே."
அவர் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த தோஹா வீட்டில் ஆறு கார்.
ஆறிலும் எனக்குப் பின்சீட்டு;
மடியில் ஒன்று, தோளில் தூங்குகிற ஒன்று.
இதில் பின்சீட்டே கிடையாது.
படத்தில் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.
சகாயத்திடம் சொன்னது
பெற்றோல் குறைவாகக் குடிக்கும் என்று.

லயத்திலிருந்து றோட்டுக்கு
நாற்பத்திரண்டு படி.
நடுவில் ஒரு திருப்பம்,
எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்.
நான் எண்ணியிருந்தேன்.
அவனும் எண்ணியிருப்பான்.
நாங்கள் பிரேக் குழாயைப் பற்றிப் பேசினோம்.

தைப்பொங்கலுக்கு முந்தின நாள் எஞ்சின் பிடித்தது.
பத்துக் காம்பராவும் புகை.
நாய்கள் கொழுந்து மலைக்குள் ஓடின,
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
சகாயம் கொஞ்ச நேரம் காது கொடுத்தான்,
நிறுத்தினான்,
சாவிக்கட்டை எடுத்தான்.
நான் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னோக்கி வாசிக்கத் தொடங்கினேன்.

எஞ்சினைச் சவுக்குக் கம்பில் கட்டி
எட்டுப் பேர் இறக்கினார்கள்,
இந்த லயத்தில் பாடை தூக்குகிற அதே எட்டுப் பேர்.
"இது ஒண்ணுதான் திரும்பி வரும்" என்றான் முனியப்பன்.
யாரும் ஏசவில்லை.
கதவை மரியசீலி தலையில் வைத்து இறக்கினாள்,
கொழுந்துக் கூடையைவிடப் பாரம் குறைவாம்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்
மறுபடி பூட்டினோம்.
பதினொரு மாத வேலை
இரண்டாம் தடவைக்கு மூன்று நாள்.
புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.
பதிமூன்று கேட்டான், பதிமூன்று கொடுத்தேன்.

நான்தான் ஓட்டினேன்.
தோட்டத்து றோட்டில், கோயில் வளைவு வரைக்கும்.
அங்கே மூடுபனி இறங்கியிருந்தது.
நாலாம் பெட்டியில் வந்திருக்க வேண்டியது
முன் கண்ணாடி.
முகமெல்லாம் ஈரம், இமையில் ஈரம்,
றோட்டு இருக்கிறது என்று நம்பிப் போனேன்.

பக்கத்தில் இருந்தவன் கையை நீட்டி
ஒரு சுவிட்சைத் தட்டினான்.
வைப்பர் இரண்டும் எழும்பி
ஒன்றுமில்லாததைத் துடைத்தன,
டக், டக்.

"என்னங்க இது?"

"மழைக்குப் போடணும்னு
நீதானே வாசிச்ச."

வளைவு வந்தது.
கியரைக் குறைத்தேன்.