எட்டுக் காம்பரா நீளம்

படத்தில் அது என் உள்ளங்கை அளவுதான்.
பக்கத்தில் ஒரு நண்டு, அதுவும் அதே அளவு.
அச்சடித்தவர்களுக்கு நீல மை தீர்ந்திருக்க வேண்டும்,
கடலின் கீழ்ப்பாதி வெளிறிக் கிடந்தது.

"இது மீனா டீச்சர்?" என்றான் யுகேசன்.
மீன் அவனுக்குத் தெரியும்.
சம்பளம் போட்ட மறுநாள் டின்னில் வரும்,
மற்ற நாளெல்லாம் கருவாடாய்க் கடைக் கயிற்றில் தொங்கும்.

மீனில்லை, திமிங்கிலம். பெரிசு.
எவ்வளவு பெரிசு?
ஹட்டன் பஸ்ஸைச் சொன்னேன்,
பாதிப் பேர் அதில் ஏறியதில்லை.
ஸ்டோரைச் சொன்னேன்,
ஸ்டோருக்குள் பிள்ளைகளை விடுவதில்லை.
நானே கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை,
பயிற்சிக்குப் போன வருசம்,
வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவே
ரயில் ஜன்னலில், யாரோ ஒருவரின் தோளுக்கு மேலால்.

அதனால் கயிறு எடுத்தேன். நூறு அடி.
பதினேழு பிள்ளைகளும் பிடித்துக்கொள்ள
மேட்டு லயத்துக்கு இழுத்துப் போனோம்.

முதல் காம்பரா வாசலில் வாய்.
ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மலர்விழி அக்கா
"என் அடுப்பையும் முழுங்கிருமா?" என்றாள்.
முழுங்காதக்கா, தொண்டை சின்னது,
கூனி மாதிரி பொடிசுகளைத்தான் தின்னும்.
"இம்புட்டு உடம்புக்குக் கூனியா?"
அவளுக்கு அது மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

இரண்டாவதில் கண், ஒரு தோடம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு.
மூன்றாவதில் இதயம்.
அந்தக் காம்பரா பூட்டு,
ஆட்கள் கொழும்புக்குப் போய் இரண்டு வருசம்.
லோஜினி கதவில் காது வைத்தாள்.
"அடிக்குது" என்றாள்.
வரிசையாய் எல்லாருக்கும் அடித்தது.

ஐந்தாவதில் சதாசிவம் அண்ணன் நின்றார்.
பிரட்டுக்குப் பிந்திப் போனதால்
அன்றைக்குப் பேர் விழவில்லை அவருக்கு.
கயிற்றைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.
"அளக்கிறாங்களா டீச்சர்?
ஏழு பேர்ச்சா? தனி வீடா?"

அவர் குரலுக்கு மூன்று கதவுகள் திறந்தன.
ஒருத்தி பைலோடு வந்தாள்,
அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய பேச்சீட்டு
எல்லாம் பிளாஸ்டிக் உறையில், ஒழுங்காய்.

இல்லைண்ணே, என்றேன்.
திமிங்கிலம்.

யாரும் சிரிக்கவில்லை.
பைல் திரும்ப உள்ளே போனது.
அவர் மட்டும் நின்றார், பிறகு
"அந்தப் பக்கம் கான் இருக்கு,
வாலு உள்ள விழுந்துரும், தள்ளிப் பிடிங்க" என்று
கயிற்று முனையை வாங்கிக்கொண்டு
எட்டாம் காம்பரா தாண்டிக் குழாயடியில் போய் நின்றார்.
மழை தூறும்வரை
வாலைப் பிடித்தபடியே நின்றார்.

கோட்டுக்குள் பதினேழு பேரும் தலைகால் தொட்டுப் படுத்தார்கள்.
வால் வரை எட்டவில்லை.

பத்து மணி. கைப்பிள்ளைக்காரிகள்
படங்கு அவிழ்க்காமல் பால் கொடுக்க ஓடி வரும் நேரம்.
நிலுக்சனா அவர்களைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.
"அதுக்குக் குட்டி இருக்கா? பால் குடிக்குமா?"
குடிக்கும்.
"அம்மா மலைக்குப் போனா குட்டிய யாரு பாத்துக்குவா?"

தெரியாது என்று சொன்னேன்.
பிள்ளைகள் முன்னால் அந்தச் சொல்
வாயிலிருந்து வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரவு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினேன்.
அங்கேதான் போனில் இரண்டு கோடு விழும்.
அட்டை ஏறிய காலைச் சொறிந்தபடி வாசித்தேன்.
வேறொரு இனம், பெரிய தலைக்காரி.
இரை தேடி இருட்டுக்குள் அவள் இறங்குவாள்,
அந்த ஆழத்துக்குக் குட்டி வர முடியாது.
மற்றப் பெண் திமிங்கிலங்கள்
அதற்குப் பக்கத்தில் மேலேயே நிற்கும்
அவள் மூச்சு வாங்க வரும்வரை.

காலையில் சொன்னேன்.
நிலுக்சனாவுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை.
"அப்ப அங்கயும் பிள்ளைக் காம்பரா இருக்கு" என்றுவிட்டு
தொலைந்த செருப்பைத் தேடப் போனாள்.

சுண்ணாம்பை மழை கொண்டுபோயிற்று.
கயிற்றைச் சதாசிவம் அண்ணன் திருப்பித் தரவில்லை.
வால் முடிந்த இடத்தில் ஒரு முளை அடித்திருக்கிறார்.
கேட்டால், மாடு கட்ட என்கிறார்.

மாடு அவரிடம் இல்லை.