இருநூறு கிராம்

வியாழக்கிழமை, வெள்ளென ஆறே முக்கால்.
காங்கேயம் தாராபுரம் ரோட்டில்
ஓட்டல் மாடி அரங்கம்.
முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு தொழில்,
ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான், அது சட்டம்.
ஆளுக்கு நாற்பத்தைந்து நொடி.
மீறினால் மயில்சாமி மணியடிப்பார்,
அவர் வீட்டு மாட்டின் கழுத்து மணி.

"வணக்கமுங்க, சென்னியப்பன்,
எடைமிசின் சர்வீஸ்.
மேசைத் தராசு, பிளாட்பாரத் தராசு, லாரி எடைமேடை."
எனக்கு இருபது நொடி போதும்.
மிச்ச நொடிகளில் தண்ணீர் குடித்துவிட்டு
உட்கார்ந்துகொள்வேன்.

வந்த வேலைக்கு நன்றி சொல்லப் பச்சைச் சீட்டு,
அடுத்தவருக்கு வேலை காட்ட வெள்ளைச் சீட்டு.
பதினொரு வாரம் இரண்டும்
என் சட்டைப்பையில் வெற்றாய் வேர்த்தன.
ஜெயசித்ரா பாலிசிகளை எண்ணினாள்.
ஆடிட்டர் லோகநாதனுக்கு ஒரே காலையில் நான்கு கணக்கு.
தார்ப்பாய்க் கடை சர்புதீன் மட்டும்
ஒருமுறை என் காதோடு சொன்னார்:
"பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க, பாருங்க."

வீட்டில் கோகிலவாணி கால்குலேட்டரைத் தட்டினாள்.
"கட்டுன சந்தாவுக்கு
ஒரு இட்லி நூத்தித்தொண்ணூறு ரூவா ஆகுதுங்க."

பன்னிரண்டாம் வாரம்
தெய்வாத்தாள் அக்கா கூப்பிட்டார்.
நத்தக்காடையூர் பக்கம் கொப்பரைக் களம்.
"எங்க எடையவிட
ஆயில் மில்லுக்காரன் எடை கூடக் காட்டறானுங்க தம்பி.
எந்த ஊர்லயாவுது மில்லுக்காரன் கூடக் காட்டுவானா?
வந்து பாருங்க."

தகட்டைக் கழற்றினேன்.
அடியில், லோடு செல் ஓரமாய்,
கட்டைவிரல் அளவில் ஒரு கொட்டாங்குச்சித் துண்டு
மூட்டையின் பாரத்தில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொண்டு
நல்லபிள்ளையாட்டம் கிடந்தது.
படிக்கல் வைத்துப் பார்த்தேன்.
ஐம்பது கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு.
குறைந்தது அக்காவுக்கு அல்ல,
கொண்டுவந்து போட்டவர்களுக்கு.

"எத்தன நாளா?"
"தூசியப் பாத்தா ஒரு வருசம் இருக்குமுங்க்கா."
கூலியை எண்ணித் தந்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
வந்த ஒரே வேலையும் போச்சு சாமி என்று
வண்டியை உதைத்தேன்.

அடுத்த வியாழன். அக்கா எழுந்தார்.
கொப்பரை விலை சொல்லவில்லை.
"எந் தராசு ஒரு வருசமாப் பொய் சொல்லியிருக்குது,
எனக்குச் சாதகமா.
அறுபத்திமூணு பேருக்குப் பணம் திருப்பிக் குடுத்துட்டு இருக்கறன்.
கண்டுபுடிச்சது இவரு.
எனக்குக் கோவந்தான் வந்துது..."
மணி அடித்தது.
"நீங்க அடிங்க மயில்சாமியண்ணா, நா இன்னும் முடிக்கல.
உங்க மிசினையெல்லாம் என்னைக்காவுது
தொறந்து பாத்திருக்கறீங்களா?"

இட்லி ஆறியது. யாரோ இருமினார்கள்.

மத்தியானத்துக்குள் ஏழு அழைப்பு.
இரண்டு பேர் மட்டும், பெயர் சொல்லமாட்டேன்,
அதற்குப் பிறகு என் மேசைக்கு வருவதில்லை.
அவர்கள் தராசைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது.
தெரியாது என்றுதான் சொல்லவேண்டும்.

கோகிலவாணி மறுபடி தட்டினாள்.
இட்லி விலை இறங்கிவிட்டது.
அவள் கணக்கில் ஏறாத ஒன்று உண்டு:
ஷட்டருக்குள் தனியாய் உட்கார்ந்து
ஸ்பிரிங்கோடு பேசிய பத்தொன்பது வருசத்தில்
நான் இல்லாத இடத்தில்
என் பேரை யாரும் சொன்னதில்லை.

நேற்று வெள்ளகோயில் அரிசி மில்லுக்குப் போனேன்,
எடைமேடை பார்க்க.
நெல் அட்டியின் மேல் கட்டிய தார்ப்பாயில்
ஆள் நுழையும் கிழிசல்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
"ஏனுங்க, இதுக்கு ஆள் இருக்குதுங்களா?"
"இல்லீங்களே."

வெள்ளைச் சீட்டை எடுத்தேன்,
ஓரம் சுருண்டு போயிருந்தது.
என் பேனா எழுதவில்லை.
மில்காரரிடமே ஒன்று வாங்கி
சர்புதீன் என்று எழுதி, நம்பரும் எழுதி,
நீட்டுவதற்கு முன்
சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.