உறை எண் நான்கு

குடிப்பதற்கு ஆள் தேவை என்று
ஆஸ்பத்திரி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.
நாலு மணி நேரம், பீட்சா உண்டு,
வீட்டில் கொண்டுவந்து விடுவோம்.
இப்படிக்கு, டேட்டன் போலீஸ் பயிற்சிக்கூடம்.

நான் இரவு ஷிப்ட் நர்ஸ். பெயர் ஜெபக்கனி.
தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த மது
மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மிடறு,
அதுவும் பாதிரியார் கையால்.
இங்கே சார்ஜண்ட் ஷ்வீகர்ட்
அளவுக் குவளையை வெளிச்சத்துக்குத் தூக்கி
நான் இருமல் மருந்து ஊற்றும் அதே கண்ணோடு
ஊற்றித் தருகிறாள்.
பிப்ரவரி, மதியம் இரண்டு மணி. ஜன்னலில் அழுக்குப் பனி.

அதற்கு முன்பே கார்ச் சாவியை உறையில் போட்டு
ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கிவிட்டாள்.
நான் நான்காம் எண்.
ஐந்தாம் எண் லமான்ட், கூரை வேலை செய்கிறவர்,
தார் போகாத விரல்கள்.
அவருக்கு இரண்டே பியர்.
எனக்கு ஆரஞ்சுச் சாற்றில் ஓட்கா,
ஒன்று, இன்னொன்று, இன்னொன்று,
ஐந்தாவதுக்கு ஆரஞ்சு தீர்ந்துவிட்டது.
யாருக்கு எவ்வளவு என்று
பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சொல்லமாட்டார்கள்.
அதுதான் பாடம்.

பன்னிரண்டு பேர். புது பூட்ஸ் கிறீச்சிட்டது.
பேனா நுனியைப் பாருங்கள், தலை அசையக்கூடாது.
கோட்டின் மேல் ஒன்பது அடி, குதிகாலில் விரல் முட்ட,
திரும்பி ஒன்பது அடி.
ஒற்றைக்காலில் நின்று எண்ணுங்கள்.

நிற்பது என் தொழில்.
பன்னிரண்டு மணி நேரம் நின்று பழகிய கால்
குடித்தால் மட்டும் மறந்துவிடுமா?
எண்ணுவதில்தான் பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டேன்.
பத்தொன்பதுக்கு அப்புறம் பதினேழு வந்ததை
அந்த அறையில் யார் கண்டார்கள்.

ப்ரூபேக்கர் என்ற பையன்
எந்த ஆஸ்பத்திரி மேடம் என்று கேட்டான்.
அவன் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் அங்கேதானாம்.
பேனாவைப் பின்தொடர்ந்த என் விழி
ஓரத்தில் துடித்திருக்கும். அவன் பார்த்திருப்பான்.
பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டான்.

லமான்ட்டை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.
ஏழாவது அடியில் கோடு தவறினார்.
முட்டியில் ஆபரேஷன் என்றார்.
எல்லாரும் சொல்வதுதான் என்று
ஒருத்தன் எழுதிக்கொண்டான்.

வாக்கெடுப்பு.
ஐந்தாம் எண்: கைது, பதினொரு கை.
நான்காம் எண்: விட்டுவிடலாம், ஒன்பது கை.
பார்த்துப் போங்க மேடம் என்று அனுப்பிவைப்பேன்,
என்றான் ப்ரூபேக்கர். நல்ல பையன்தான்.

சார்ஜண்ட் பலகையில் எழுதினாள்.
ஐந்து: 0.03
நான்கு: 0.11

மெஷின் சரியாக இருக்கிறதா என்றது ஒரு குரல்.
அவளே ஊதிக் காட்டினாள். சுழியம்.
அவங்க நர்ஸ் ஆச்சே, என்றது பின்வரிசை,
அது ஒரு பதில் என்பதுபோல.

பார்த்துப் போங்க.
போன நவம்பரில் ஸ்ட்ரெச்சரில் வந்தவனின் சட்டைப்பையில்
மடித்த எச்சரிக்கைச் சீட்டு இருந்தது.
பின்விளக்கு எரியவில்லை, நேரம் 1.40,
கீழே ஒரு போலீஸ்காரரின் கிறுக்கல்.
ஆம்புலன்ஸ் தாளில் 2.15.
சீட்டை அவன் உடைமைப் பையில் போட்டவள் நான்.
எதிரே வந்த காரில் இருந்தவளுக்கு
எங்கள் வாசல் வரை வர நேரமில்லை.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன்.
ஏப்பம் வந்தது.
எல்லாரும் சிரித்தார்கள், சார்ஜண்டைத் தவிர,
லமான்ட்டைத் தவிர.
பீட்சா வந்துவிட்டது.

திரும்பும்போது போலீஸ் காரின் பின் இருக்கையில்
நாங்கள் இருவரும்.
உள்ளே கைப்பிடி இல்லாத கதவு.
லமான்ட் வழி முழுக்க
இரண்டு கைகளையும் தெரியும்படி முட்டிமேல் வைத்திருந்தார்.
நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் சாவி வாங்கப் போனேன்.
உறையின் மேல் இரண்டு கையெழுத்து,
குடிக்கும் முன் ஒன்று, ஊதிய பின் ஒன்று.
எது எதுவென்று
எனக்கே தெரியவில்லை.