அரை பாகை

அதிகாலை மூன்று பதினேழுக்கு
வாலிநோக்கத்தில் ஒருவரும் விழிக்கவில்லை.
நாய்கூடக் குரைக்கவில்லை.
என் தேநீரின் மேல் மட்டும்
ஒரு வட்டம் வந்து போயிற்று.

கரைக்குப் பதினோரு கிலோமீட்டரில்
எட்டுப் பாகத் தண்ணீரில் நிற்கும் நான்காம் காற்றாலை
திரையில் அதுவரை ஒரு கோடு.
கோடு கிறுக்கலானது.
மன்னார்க் கடலுக்கு அடியில் எங்கோ
பூமி புரண்டு படுத்திருக்கிறது.

நிறுத்து, என்றார் தொலைபேசியில் மேலாளர்.
விதிப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.
நிறுத்தினேன்.
இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டி
ஓய்ந்தன.

பிறகுதான் தெரிந்தது:
திருவிழா நெரிசலில் தள்ளாடுகிறவனை
அக்கம்பக்கத்துத் தோள்கள் தாங்குவதுபோல்
அதுவரை கோபுரத்தைத்
தாங்கி வந்தது காற்று.
இப்போது தனியே நின்று ஆடுகிறது,
நானூறு டன் தலையைச் சுமந்துகொண்டு
மூன்று நொடிக்கொரு முறை
இல்லை
இல்லை
என்பதாக.
நாற்பது வரை எண்ணினேன்.

விடிந்ததும் சீனி அசன் முங்கினார்.
படகின் விளிம்பைப் பிடித்தபடி
மூச்சு வாங்கச் சொன்னார்:
"தூணடி மண்ணு கஞ்சியாக் கெடக்கும்மா.
முழங்கை வரைக்கும் போகுது.
போன மாசம் வெரலு நொழையல."

கல்லூரியில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
ஒரு வரைபடம், ஆறு மதிப்பெண்.
அலை வடிந்த ஈரமணலில்
குதிகாலால் தட்டிக்கொண்டே இருங்கள்,
தரை தண்ணீராகும்.
அந்த ஆறு மதிப்பெண்ணும் அவ்வளவுதான்.

சாய்வு: பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
வாழ்நாள் முழுமைக்கும் அனுமதி அரை பாகை.
இருபத்தைந்து ஆண்டுக்கு அளந்து கொடுத்ததில்
பாதிக்கு மேல்
ஒன்றரை நிமிடத்தில் செலவு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"வரம்புக்குள்" என்று எழுதினேன்,
பொய்யில்லை.

பாசி எடுக்கப் போகும் பெண்கள்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்கள்.
"சோழகம் இந்த அடி அடிக்குது,
அது மட்டும் ஏன் சும்மா நிக்குது?"
கேட்டவள் பூங்காவனம்.
பார்க்கிறோம், என்றேன்.

கையால் வெயிலை மறைத்து
தலையைக் கொஞ்சம் சாய்த்து
நெடுநேரம் கடலைப் பார்த்தாள்.
பிறகு தலையை
நேராக்கிக்கொண்டு
முங்கினாள்.