லாமினேசன்

படகோட்டிக்குப் பேர் என்ன என்று கேட்டாள் அமலோற்பவம்.
நான் வைத்திருக்கவில்லை.
அக்கரையில் இறக்கிவிட்டு அவன் போய்விட வேண்டியவன்.
அங்கேதான் கோட்டை:
பதினான்கு அறை, பொறிகள், சுரங்கம்,
மூன்று வாரம் கண்விழித்துக் கட்டமிட்ட தாளில் கட்டியது.
நிமிர்ந்தேன். ஜெராக்ஸ் கடை மாடிச் சுவரில்
ஒரு பழைய போர்டு.
"லாமினேசன்" என்றேன்.

நடேசன், வெங்கடேசன் மாதிரி
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.
அரை மணி கழித்துத்தான் சித்திக் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.
அதற்குள் படகோட்டிக்கு
இருமல் வந்துவிட்டது, கடன் வந்துவிட்டது,
காணாமல் போன ஒரு தங்கையும்.
கோட்டைக்கு யாரும் போகவில்லை.
அவளைத் தேடித் தெற்கே கிளம்பிவிட்டார்கள்,
மூன்று வருஷம்.

மன்னார்குடியில், பந்தலடிக்குப் பின்னால்,
ஞாயிறுதோறும் ஷட்டர் பாதி இறங்கியதும் ஆட்டம்.
கெட்டுப்போன பிரதிகளின் பின்பக்கம்தான் எங்கள் தாள்.
ஒரு பக்கம் யாருடையதோ சிட்டா அடங்கல்.
மறுபக்கம் அமலோற்பவத்தின் சூனியக்காரி,
உயிர் பதினொன்று;
கையிருப்பு: கயிறு, உப்பு, ஒரு பல்.
இருபது முகப் பகடை தபாலில் வரும்வரை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு குலுக்கினோம்.
ஐப்பசி ஈரத்தில் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.
பதினேழும் நாலும் சேர்ந்து வந்தால் என்ன கணக்கு என்று
நாங்கள் வாதாடிய நேரத்தில்
ஒரு பூதம் தப்பித்தே போய்விட்டது.

டெல்டாக்காரர்களை வைத்துக்கொண்டு யுத்தம் நடத்தக் கூடாது.
மேட்டு அரக்கர்களுக்கும் கடைமடைக்காரர்களுக்கும்
மூன்று மாதம் ஓட வேண்டிய போர்.
படை, யானை, நஞ்சு, எல்லாம் தயார்.
குஞ்சிதபாதம் சார் கண்ணாடியைத் துடைத்தார்.
"மதகுச் சாவி யார் கையில?"
பிறகு முறை வைத்தார்:
நாலு நாள் அரக்கனுக்கு, மூணு நாள் கடைமடைக்கு.
அரக்கர் தலைவன், அதாவது நான்,
அரை நாள் கூட்டிக் கேட்டேன். தரவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
அந்த யானைகளை என்ன செய்வதென்று
இன்றும் தெரியவில்லை.

கஜா அடித்த பன்னிரண்டாம் நாள்
வைரக்கண்ணு கம்பத்திலிருந்து இறங்கி
நேராக மாடிக்கு வந்தான்.
மின்வாரியச் சட்டை உடம்போடு நனைந்து உடம்போடு காய்ந்திருந்தது.
"என் முறை வந்தா எழுப்புங்க."
மேஜையில் தலை வைத்தான்.
வந்தது. எழுப்ப யாருக்கும் மனசில்லை.
ஒருவர் பகடையை இன்னொருவர் உருட்டக் கூடாது,
நாங்களே போட்ட விதி.
அவன் விரல்களைப் பிரித்தோம்,
உள்ளங்கை முழுக்கக் கம்பி இழுத்த கோடுகள்,
பகடையை வைத்து மெல்லக் கவிழ்த்தோம்.
இருபது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலு பேர்
சத்தமில்லாமல் குதித்தோம்.
கடல்பாம்பு செத்தது. கொன்றவன் குறட்டை விட்டான்.
இதுவரை நம்பவில்லை அவன்:
"நீங்க திருப்பி வச்சிருப்பீங்க."

திருப்பி வைத்ததுண்டு. அது வேறு ராத்திரி.
கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டிச் செய்த
மறைப்புக்குப் பின்னால்
லாமினேசனின் இருமலுக்காக உருட்டினேன்.
ஒன்று.
அமலோற்பவம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பதிமூணு. பிழைச்சுக்கிட்டான்."
அவள் விட்ட மூச்சில்
பத்திரிகை அட்டை லேசாக ஆடியது.

அப்புறம் அவளுக்குத் தர்மபுரிக்கு மாற்றல்.
சாருக்கு முழங்கால், மாடி ஏற முடியவில்லை.
கடைசி ஞாயிறு என்று தெரியாமலே
ஒரு கடைசி ஞாயிறு.

போன வாரம் சித்திக் போன் செய்தான்.
பழைய மெஷினை எடைக்குப் போட்டானாம்.
நடுவில், சும்மா கேட்பது போல,
"அந்தக் கோட்டைல என்னதான் வச்சிருந்தீங்க?"
மறந்துபோச்சு என்றேன்.

தங்கையை வைத்திருந்தேன்.
அவர்கள் தெற்கே திரும்பிய அந்த நிமிஷமே
அங்கே கொண்டுபோய் வைத்தேன்.
அப்புறம் எந்த ஊர்ச் சந்தையிலும், எந்தச் சத்திரத்திலும்
அவளை இறக்கியிருக்கலாம்.
இறக்கினால் ஆட்டம் முடிந்துவிடும்.
ஆறாம் அறை.
கதவுக்குப் பூட்டுகூட வரையவில்லை நான்.